நான்கில் ஒன்று: ஒரே விடை பிறந்த கதை

அருணகிரிநாதரைப் பற்றித் திருவண்ணாமலையில் சொல்லப்படும் கதைகளில் வில்லிபுத்தூரார் தோற்ற கதைக்குத் தனி இடம் உண்டு. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவிடுவாராம். அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாட்டுப் பாட்டாகப் பாட, வில்லி உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பத்து நான்காம் பாட்டு வந்தது. தகர வரிசை எழுத்துகளை மட்டுமே வைத்துக் கட்டிய பாட்டு அது. எங்கே பிரிப்பது, எதனோடு எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் வில்லி திகைத்து நின்றுவிட்டார். பாடியவரே பொருளை விரித்துச் சொன்னார். காதை அறுக்கவில்லை, இனிமேல் யார் காதையும் அறுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செவிவழிக் கதைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் சொல்லப்படும் தேர்வுக் கதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. பாட்டைக் கொடுத்துப் பொருள் கேட்கிறார்கள்; தோற்றால் என்ன போகும் என்பது முன்பே தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். விடை வராதபோது பொருளை விளக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருக்கிறது.

இன்றைய நுழைவுத் தேர்வில் அந்த ஆள் எதிரில் இல்லை. ஒரு பத்தி, அதன் கீழே சில வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவற்றில் ஒன்றுதான் சரி என்று யாரோ, எங்கோ, எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு விடைகள் சரியாகத் தோன்றினால் எழுதுகிற பிள்ளை யாரைக் கேட்பது? நிறையப் படித்த பிள்ளைகளே பல நேரம் இங்கே தடுக்கி விழுகிறார்கள். இந்த நிலை எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் இலக்கணம் இதைப் பற்றி யோசிக்காமல் விடவில்லை. நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. விடையை எட்டு வகையாகப் பிரிக்கும்போது, வினாவுக்கு எதிர்வினா கேட்பதையும் ஒரு விடையாக ஏற்கிறது. பத்தாம் வகுப்பில் இதைப் படிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆனால் வட்டத்தை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் எதிர்வினாவுக்கு வட்டம் கிடையாது. அதே நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும்போது ‘மயங்கவைத்தல்’ என்பதையும் சேர்க்கிறது. படிப்பவர் மயங்கினால் அது எழுதியவர் செய்த குற்றம். படித்தவரின் கணக்கில் அது ஏறாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவோம். ஏனென்றால் நான்கில் ஒன்று பிறந்தது அங்கேதான்.

1912ஆம் ஆண்டு வாக்கில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விஸ்கான்சினிலிருந்து ஒரு காரியம் செய்தார்கள். ஒரே மாணவரின் ஆங்கில விடைத்தாளை நகலெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு ஐம்பது போட்டவரும் இருந்தார், தொண்ணூறுக்கு மேல் போட்டவரும் இருந்தார். ஆங்கிலம் என்பதால் இப்படி, கணக்கில் இப்படி நடக்காது என்று சிலர் சொல்ல, வடிவியல் தாளை அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே இடைவெளி இன்னும் மோசம். ஒரே தாள் ஒருவரிடம் 30கூட வாங்கவில்லை, இன்னொருவரிடம் 90ஐத் தாண்டியது.

இது சின்ன விஷயமல்ல. மதிப்பெண் என்பது மாணவரின் அறிவைவிடத் திருத்துகிறவரின் மனத்தைச் சார்ந்தது என்றால் அதை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எப்படி முடிவு செய்வது? ஏழை வீட்டுப் பிள்ளையின் தாள், ஆசிரியருக்குப் பிடிக்காத ஊர்க்காரரின் தாள், கையெழுத்து சரியில்லாத தாள் எல்லாம் அடிவாங்கும் இடம் இது. நம்முடைய சாதி கனத்த சமூகத்தில் இதை விளக்கவே வேண்டாம். ஆகவே ஒரே விடையைத் தேடிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தேடியது நியாயத்தை.

தேடியவர்களில் ஃபிரடெரிக் கெல்லி முக்கியமானவர். ஆசிரியர்களின் மதிப்பெண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைத்தான் 1914இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபடி ‘கான்சஸ் மௌன வாசிப்புத் தேர்வு’ என்ற ஒன்றை உருவாக்கினார். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பல தேர்வு வினாவின் பிறப்பு என்று கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுட்டுவது இதைத்தான். கவனியுங்கள்: பல தேர்வு வினா கணக்குக்காகவோ அறிவியலுக்காகவோ பிறக்கவில்லை. படித்துப் புரிந்துகொள்வதை அளக்கத்தான் பிறந்தது.

அந்தத் தேர்வின் மாதிரி வினா இன்றும் எல்லோராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. பசு, புலி, எலி, ஓநாய் என்று நான்கு பெயர்கள். பண்ணைக்குப் பயன்படும் ஒவ்வொரு விலங்கின் பெயரையும் சுற்றிக் கோடு போட வேண்டும். விடை பசு, வேறெதுவும் சரியில்லை என்கிறது குறிப்பு. பசுவின் கீழே கோடு போட்டாலும் தவறுதான். சுற்றித்தான் போட வேண்டும். நேரம் முடிந்ததும் உடனே நிறுத்த வேண்டும்.

கெல்லி தன் வினாக்களுக்கு விதித்த நிபந்தனையும் தெளிவானது. ஒரு வினாவுக்கு ஒரே பொருள்தான் கொள்ள முடிய வேண்டும். விடை முழுவதும் சரி அல்லது முழுவதும் தவறு என்று இருக்க வேண்டும். நடுவில் எதுவும் கூடாது. ஆசிரியரின் தனிப்பட்ட தீர்ப்பு நுழைய இடமே இருக்காது என்று நம்பினார். அவருடைய முதல் வினாவையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘ஒவ்வொரு விலங்கும்’ என்று கேட்டால் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்றல்லவா பிள்ளை நினைக்கும்? பசுவைச் சுற்றிய பிறகும் இன்னொன்றைத் தேடிக்கொண்டு நிற்கிற பிள்ளை மந்தமான பிள்ளை அல்ல. சொல்லைச் சொல்லாகவே படிக்கிற பிள்ளை அது.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இருக்கிறது. ஆசிரியரின் தீர்ப்பை யாரும் ஒழிக்கவில்லை, இடம் மாற்றினார்கள். முன்பு அது விடைத்தாளைத் திருத்தும் மேசையில் இருந்தது. சண்டை போடலாம், மறுகூட்டல் கேட்கலாம், வாத்தியார் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இப்போது அது வினா தயாரிக்கும் அறைக்குள் போய்விட்டது. வெளியே வருவது ஓர் எழுத்து மட்டும்: அ, ஆ, இ, ஈ. ஒரே விடை பிறந்த அன்றே, மயங்கவைக்கும் வினாவும் அதனுடன் கூடவே பிறந்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்த லட்சக்கணக்கானவர்களை வகைப்படுத்த இப்படித் தேர்வு வைத்தார்கள். அதில் பணியாற்றிய கார்ல் பிரிகாம் கல்லூரிச் சேர்க்கைக்கு அதே பாணியை எடுத்து வந்தார். 1926 ஜூன் 23 அன்று எஸ்ஏடி தேர்வை முதன்முறையாக 8,040 பேர் எழுதினார்கள். 1930களின் இறுதியில் பென்சில் குறியைப் படிக்கும் ஐபிஎம் எந்திரம் வந்தது. எந்திரத்துக்கு ‘ஏன்’ என்று கேட்கத் தெரியாது. அதனால் ஏன் என்ற கேள்வி தேர்விலிருந்தே மெல்ல உதிர்ந்துவிட்டது.

பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாக்களில் மயக்கம் ஏன் இவ்வளவு வருகிறது? ஓர் எடுத்துக்காட்டை நானே எழுதிக் காட்டுகிறேன். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. அதை வைத்து ஒரு பத்தி:

‘பெரியவர் இந்த ஆண்டு மலை ஏறவில்லை. மகன் திரிச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்தார். சாயங்காலம் உச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே கைகூப்பியது. பெரியவர் மட்டும் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.’

வினா: பெரியவரின் மனநிலை எது? ஏக்கம், பெருமிதம், பக்தி, தளர்ச்சி.

ஏக்கம் என்று ஒரு பிள்ளை போடும்: கை மட்டும் மலைக்குப் போகவில்லையே. பெருமிதம் என்று இன்னொரு பிள்ளை போடும்: தன் கை செய்த வேலையை இன்று மகன் கை செய்கிறது. வீட்டில் நடமாட்டம் குறைந்த தாத்தா இருக்கும் பிள்ளை தளர்ச்சி என்று போடும். பக்தி என்று போடுவதும் தவறில்லை. உள்ளங்கையில் சாமியைப் பார்க்கிறவர்கள் நம் ஊரில் உண்டு. நான்கு பேரும் பத்தியை நன்றாகப் படித்தவர்கள். இவர்களில் மூன்று பேருக்கு மதிப்பெண் போகும், நெகட்டிவ் மார்க்கும் விழும்.

வினா எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை. தவறான மூன்று விடைகளும் அபத்தமாக இருந்தால் படிக்காத பிள்ளையும் சரியாகப் போட்டுவிடும். அப்போது தேர்வால் யாரையும் பிரிக்க முடியாது. ஆகவே தவறான விடையைச் சரியானதற்கு மிக அருகில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. அருகில் வைத்து வைத்து, ஒரு கட்டத்தில் எல்லை அழிந்துபோகிறது. அதை மறைக்கத்தான் ‘மிகவும் பொருத்தமான விடை’ என்ற தொடர் வந்தது. யாருக்குப் பொருத்தம் என்று அது சொல்வதில்லை. பெரிய தேர்வுகளில் இதற்கு மருந்தாக, வினாவை முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். மற்ற வினாக்களில் நன்றாகச் செய்தவர்களே இந்த வினாவில் பிரிந்து போனால் வினாவில்தான் கோளாறு என்று தூக்கிவிடுவார்கள். ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் எழுத வேண்டும், முதல் நாள்வரை ஒரு வரிகூடக் கசியக் கூடாது என்ற நெருக்கடியில் நடத்தப்படும் தேர்வுகளில் இதைச் செய்வது மிகக் கடினம்.

எழுதியவரே எதிரில் வந்தால் என்ன ஆகும் என்பதும் ஒருமுறை நடந்தது. சாரா ஹோல்புரூக் என்ற அமெரிக்கக் கவிஞர், தன் கவிதைகளை வைத்து டெக்சஸ் மாநிலப் பள்ளித் தேர்வில் கேட்கப்பட்ட வினாக்களுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017இல் எழுதினார். கவிதையை இரண்டு பத்தியாகப் பிரித்தது எதற்காக என்று ஒரு வினா. மேடையில் படிக்கும்போது அந்த இடத்தில் அவர் மூச்சு விட்டு நிறுத்துவார், அதனால் பிரித்தார். நான்கு விடைகளில் அது இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

இதற்கு முன்பே, 2012இல் நியூயார்க் மாநிலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அன்னாசிப்பழமும் முயலும் ஓட்டப் பந்தயம் வைக்கும் கதையைக் கொடுத்து, விலங்குகளில் புத்திசாலி யார் என்று கேட்டார்கள். டேனியல் பிங்க்வாட்டரின் நாவல் ஒன்றில் வரும் வேடிக்கைக் கதையை மாற்றி எழுதியது அது. ஊரே கேள்வி கேட்க, அந்த வினாக்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று மாநிலக் கல்வி ஆணையர் அறிவித்தார். அதே நியூயார்க்கில்தான் 1979இல், கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளின் வினாவையும் விடையையும் எழுதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. காட்டத் தொடங்கியதும் தவறுகள் வெளியே வரத் தொடங்கின. மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டி, ஏராளமானோரின் மதிப்பெண் திருத்தப்பட்டதும் நடந்தது.

இந்தியாவில் இந்தக் கதவு திறந்தது 1983இல். உத்தரப்பிரதேசத்தில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கான்பூர் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வில், பல்கலைக்கழகத்தின் ஆன்சர் கீ (விடைக்குறிப்பு) தவறு என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கீ சரி என்றுதான் முதலில் கொள்ள வேண்டும்; ஆனால் அது தவறு என்பது பாடநூல்களிலிருந்து ஐயமின்றித் தெரிந்தால், சரியாக எழுதிய மாணவரைத் தண்டிப்பது அநியாயம் என்றது. வினாக்களில் மயக்கம் இருக்கக் கூடாது, கீயை நிபுணர்கள் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்றும் யோசனை சொன்னது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் எனக்கு இந்தத் தீர்ப்பின் மேல் மரியாதை குறையவில்லை.

2017 டிசம்பரில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஐயம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும், எழுதியவருக்குப் போகக் கூடாது என்றது. வழக்குகளால் தேர்வு முடிவுகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைத் தடுக்க வேண்டும் என்ற கவலை அதன் பின்னால் இருக்கிறது. கவலை நியாயம்தான். ஆனால் மயக்கத்தை உண்டாக்கியவருக்கே மயக்கத்தின் பலனும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதன் கனம் தமிழ்நாட்டுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. 2018 மே மாதம் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சிபிஎஸ்இ நடத்திய நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் 24 ஆயிரத்துக்கும் மேல். 180 வினாக்களில் 49 வினாக்களின் தமிழாக்கம் தவறு என்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடர்ந்தார். தமிழில் படித்த பிள்ளை பாடநூலில் பார்த்த கலைச்சொல்லைத் தேடும். தாளில் வேறொன்று இருக்கும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்று விதி இருந்தது. ஆங்கிலம் போதவில்லை என்பதால்தானே தமிழில் எழுத வந்தார்கள்? அவர்களிடம் ஆங்கிலத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள் என்பது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 10 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினாவுக்கு 4 என 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் தீர்ப்பை ரத்து செய்தது. 720க்கு எழுதிய தேர்வில் எல்லோருக்கும் மொத்தமாக 196 கொடுப்பது சரியான வழியா என்று கேட்டால், இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அது தீர்வின் குறை. தவறான 49 வினாக்களைப் படித்துக் குழம்பிய பிள்ளைகளுக்கு என்ன பதில் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கத்திலிருந்தும் தமிழ் வழியில் படித்து வரும் ஒரு பிள்ளைக்கு, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஒரு பஸ் தூரம்தான். நடுவில் நிற்பது தாளில் இருக்கும் அந்தச் சில வரிகள்.

2021 டிசம்பரில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில், மனைவிக்கு வந்த சுதந்திரத்தால் பிள்ளைகள் கட்டுக்கு அடங்காமல் போனார்கள் என்று சொல்லும் ஒரு பத்தி வந்தது. எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டு, ஆணாதிக்கம் பிடித்தவர் என்பது முதல் குடும்ப நலனில் அக்கறை கொண்டவர் என்பது வரை விடைகளாகக் கொடுத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் சோனியா காந்தி இதை எழுப்பினார். பத்தியையே நீக்கி, எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

2024இல் நீட் இயற்பியலில் அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்பது இரண்டாவது கூற்றில் ஒரு பாதி. பழைய என்சிஇஆர்டி பாடநூல் அப்படித்தான் சொன்னது, புதியது திருத்திக்கொண்டது. தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் கேட்க, டெல்லி ஐஐடியின் மூன்று நிபுணர்கள் ஒரே நாளில் பதில் சொன்னார்கள்: ஒன்றுதான் சரி. 720க்கு 720 வாங்கியவர்களில் 44 பேர் அந்த இரண்டாவது விடையின் பலனால் அங்கே நின்றவர்கள். திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் 17 பேருக்குத்தான் மிஞ்சியது. இயற்பியல் வினாதான், ஆனால் சண்டை ஒரு வாக்கியத்தை எப்படிப் படிப்பது, எந்தப் பதிப்பை நம்புவது என்பதில்.

2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வு வந்தபோது, அதை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தேர்வு நிற்கவில்லை. 13 மொழித் தாள்களில் தமிழும் ஒன்று. அதில் பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதி இருக்கிறது, இலக்கியப் பத்தி உட்பட. சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழியும். கீ வெளியானதும் ஆட்சேபிக்கலாம். வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரி என்றால் அவற்றில் எதைப் போட்டவருக்கும் மதிப்பெண், வினாவே தவறு என்றால் எல்லோருக்கும் மதிப்பெண் என்று முகமையின் விதியிலேயே இப்போது இருக்கிறது. முழுவதும் சரி அல்லது முழுவதும் தவறு என்ற கெல்லியின் நிபந்தனை நடைமுறையில் உடைந்துவிட்டதை விதியே ஒப்புக்கொள்கிறது. அதற்கு அடுத்த படி இன்னும் வரவில்லை. மொழித் தாளின் கீயில் ‘இ’ என்று மட்டும் போடாமல், பத்தியின் எந்த வரி அந்த விடையைத் தாங்குகிறது என்றும், மற்ற மூன்றும் ஏன் ஆகாது என்றும் இரண்டு வரி எழுதி வெளியிட வேண்டும். அந்த இரண்டு வரியை எழுத முடியாத வினாவைத் தாளில் சேர்க்கவே கூடாது. ஆட்சேபம் சரியென்று ஏற்கப்பட்டால் பிள்ளை கட்டிய 200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தமிழ்ப் பத்தியின் வினாக்களை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் வழிப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர், கீயைப் பார்க்காமல், தனித்தனியே உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். அவர்களே பிரிந்து போகும் வினாவைப் பதினேழு வயதுப் பிள்ளையின் முன் வைக்கக் கூடாது.